பசறை த்ரீவீலின் முன் சில்லு

 

நம்ம ஊர் பஸ் நிலையத்தடியில் காலையில் வரிசையாக நிற்கும் த்ரீவீல்களைத் தூர இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரித்தான் இருக்கும். சிவப்பு, நீலம், பச்சை, அவ்வளவுதான் வித்தியாசம். கிட்டப் போய்க் குனிந்து முன் சில்லை மட்டும் பாருங்கள். ஒன்றில் கம்பனி கொடுத்த 8 அங்குல ரிம். பக்கத்தில் நிற்பதில் 10 அங்குல அலோய் ரிம். இன்னொன்றில் ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு துண்டு வைத்து முன்பக்கத்தைத் தூக்கியிருப்பார்கள். வேறொன்றில் ஃபோர்க்கை வெட்டி, வளைத்து, மறுபடி வெல்டிங் அடித்த தழும்பு பெயின்டுக்கு மேலால் தெரியும்.

இதையெல்லாம் நம்ம பிள்ளைகளும் நம்ம பாஸ்மாரும்தான் செய்கிறார்கள். சிலது அழகுக்கு, சிலது தேவைக்கு. ஆனால் அந்த ஒற்றைச் சில்லுக்குப் பின்னால் இருநூற்றைம்பது வருடச் சண்டை ஒன்று இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. காலை ஆறே முக்காலுக்கு லயத்தடியிலிருந்து நம்ம பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி வருவதும் இதே வண்டிதான். அதனால் இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம். பொறுமையாக வாசியுங்கள்.

உலகத்தில் தன் சொந்த வலுவில் ஓடிய முதலாவது பெரிய வாகனமே ஒரு த்ரீவீல்தான். பிரெஞ்சு இராணுவப் பொறியியலாளர் நிக்கலா யோசேப் குய்ஞோ 1769இல் சிறியதாக ஒன்றும், 1770இல் முழு அளவில் ஒன்றும் செய்தார். பீரங்கி இழுக்கத்தான். பின்னால் இரண்டு சில்லு, முன்னால் ஒன்று. அந்த ஒற்றை முன் சில்லைத் திருப்பவும் வேண்டும், அதுவே வண்டியை இழுக்கவும் வேண்டும். போதாததற்கு நீராவிக் கொதிகலனையும் அந்தச் சில்லுக்கு முன்னால் தொங்கவிட்டார். இந்தப் பாரத்தோடு அதைத் திருப்புவது எப்படி இருந்திருக்கும் என்று நம்ம சாரதிமாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டி போய் ஒரு மதிலை இடித்ததாக ஒரு கதையும் உண்டு. கதை எப்படியோ, வண்டி இன்றும் பாரிஸ் நூதனசாலையில் இருக்கிறது. அதன் முன்பக்கப் படத்தைப் பார்த்தால் கதையை நம்பத்தான் தோன்றும்.

அடுத்தது எல்லாரும் அறிந்த பெயர், கார்ல் பென்ஸ். 1886 ஜனவரி 29இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மோட்டார் வண்டிக்கும் மூன்று சில்லுதான். பென்ஸ் கார் என்றால் கொழும்பில் ஓடும் பெரிய கார்தான் நமக்கு ஞாபகம் வரும், ஆனால் அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை ஒரு த்ரீவீல்! ஏன் மூன்று? காசு மிச்சம் பிடிக்கவல்ல. இரண்டு முன் சில்லுகளை ஒழுங்காகத் திருப்பும் வழி அவருக்குத் திருப்தியாகக் கிடைக்கவில்லை.

விசயம் இதுதான். வண்டி ஒரு முடக்கில் திரும்பும்போது உள்பக்கச் சில்லு சின்ன வட்டத்திலும் வெளிப்பக்கச் சில்லு பெரிய வட்டத்திலும் போகின்றன. இரண்டையும் ஒரே அளவு திருப்பினால் ஒன்று உரசும். ஒவ்வொன்றையும் வேறு வேறு கோணத்தில் திருப்பும் முறையை மியூனிக் நகரத்து வண்டி செய்பவர் கெயோர்க் லாங்கன்ஸ்பெர்கர் கண்டுபிடித்திருந்தார். 1818இல் அதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்தவர் ருடோல்ஃப் ஆக்கர்மான். பெயர் காப்புரிமை எடுத்தவருக்கே போய்விட்டது, இன்றும் அதை ஆக்கர்மான் முறை என்றுதான் சொல்கிறார்கள். உழைத்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருக்கு. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புதுக் கதையல்ல. ஆக, பென்ஸ் அந்தத் தொல்லையே வேண்டாமென்று ஒரு சில்லை வைத்தார். நாலு சில்லு வண்டிக்குத் தனக்குப் பிடித்த ஸ்டியரிங் முறையை அவர் காப்புரிமை செய்தது 1893இல்.

இடையில் 1888இல் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் கணவருக்குச் சொல்லாமல், இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீற்றருக்கு மேல் அந்த மூன்று சில்லு வண்டியை ஓட்டிப் போனார். ஏற்றத்தில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கத்தில் பிரேக் தேய்ந்துபோக, வழியில் செருப்புத் தைப்பவரிடம் பிரேக் கட்டைக்குத் தோல் அடித்துக்கொண்டார்கள். நமுனுகுல மலையடிக்கு த்ரீவீல் ஓட்டிப் பார்த்தவர்கள் அந்த அம்மாவின் பயணத்தை உடனே விளங்கிக்கொள்வார்கள்.

இனி கொஞ்சம் பாடம். ஆசிரியர்கள் என்றால் பாடம் இல்லாமல் விடமாட்டோம்தானே.

ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தள்ளும் ட்ரொலியின் சின்னச் சில்லைக் கவனித்திருப்பீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் தள்ளினாலும் அது சுழன்று பின்னால் வந்து நேராகிவிடும். காரணம், சில்லு சுழலும் அச்சுக்கு நேர் கீழே அது நிலத்தைத் தொடவில்லை, கொஞ்சம் பின்னால் தள்ளித் தொடுகிறது. அதனால் அச்சு முன்னே போகச் சில்லு பின்னால் இழுபட்டு வருகிறது. மோட்டார் சைக்கிளிலும் த்ரீவீலிலும் இதே கணக்குத்தான். ஹேண்டில் திரும்பும் தண்டின் கோட்டைக் கற்பனையில் நிலம் வரைக்கும் நீட்டுங்கள். அது நிலத்தில் விழும் புள்ளி ஒன்று. சில்லு நிலத்தைத் தொடும் இடம் இன்னொன்று, முதலாவதுக்குப் பின்னால். இரண்டுக்கும் இடையிலான தூரத்தை ட்ரெயில் என்பார்கள். தண்டு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது ரேக். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மிச்சக் கதை முழுதும் விளங்கும்.

ட்ரெயில் கூடினால் வண்டி நேராக ஓட விரும்பும், கையை விட்டாலும் ஹேண்டில் நேராகும். ஆனால் திருப்பக் கை வலிக்கும். குறைந்தால் திருப்புவது இலேசு. மிகவும் குறைந்தால் வேகத்தில் ஹேண்டில் தானாகவே இரண்டு பக்கமும் நடுங்கத் தொடங்கும். நம்ம பாஸ்மார் ‘ஹேண்டில் அடிக்குது’ என்று சொல்வதில் ஒரு வகை இதுதான். இன்னொரு வகை போல்ரேஸ் தேய்ந்து வருவது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

இரண்டு சில்லு மோட்டார் சைக்கிள் முடக்கில் சாயும், அந்தச் சாய்வே திருப்பத்தில் பாதி வேலையைப் பார்த்துவிடும். சாயாத வண்டியில் என்ன நடக்கும்? இந்தக் கேள்விக்கு நம்ம த்ரீவீலுக்கு முந்தியே பதில் தேடியவர்கள் சைட்கார் கட்டியவர்கள்தான்.

சைட்கார் என்றால் நம்மில் மூத்தவர்களுக்கு ‘ஷோலே’ படம் ஞாபகம் வரும். 1975இல் வந்த அந்தப் படத்தில் அமிதாப் பச்சனும் தர்மேந்திராவும் பாடிக்கொண்டு போகும் வண்டி ஒரு பழைய பிஎஸ்ஏயில் பூட்டிய சைட்கார். இங்கிலாந்தில் 1903 அளவில் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் பெட்டி பூட்டும் வழக்கம் பரவத் தொடங்கியது. கார் வாங்க வசதியில்லாத குடும்பம் மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிப் போக அதுதான் வழி. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியரும் சோவியத் படையும் சைட்காரை ஆயிரக்கணக்கில் ஓட்டினார்கள். நேச நாட்டுப் படைகளில் ஜீப் வந்தவுடன் சைட்காரின் காலம் முடிந்தது. மலிவான சிறிய கார்கள் வந்தபின் வீதியிலும் முடிந்தது.

ஆனால் அவர்கள் விட்டுப்போன அறிவு பெரியது. சைட்கார் பூட்டிய வண்டி சாயாது. ஆகவே ஒவ்வொரு முடக்கிலும் சில்லைக் கையின் பலத்தால் திருப்ப வேண்டும், தனி வண்டிக்கு வைத்த நீண்ட ட்ரெயில் இங்கே எதிரியாகிவிடுகிறது. பெட்டியின் பாரம் ஒரு பக்கம் இழுக்கிறது. பிரேக் அடித்தால் பெட்டி முன்னால் போகப் பார்க்கிறது. ஒரு மணித்தியாலம் ஓட்டினால் தோள் கழன்றுவிடும். தனி மோட்டார் சைக்கிளில் ட்ரெயில் பொதுவாக 80 முதல் 120 மில்லிமீற்றர் வரை இருக்கும், சைட்கார் கட்டுவோர் அதைப் பாதியாகவோ இன்னும் கீழாகவோ குறைப்பார்கள். எப்படி? ரேக்கை மாற்றலாம். அல்லது சில்லின் அச்சைத் தண்டிலிருந்து முன்னால் தள்ளலாம். அச்சு முன்னால் போனால், நிலத்தைத் தொடும் இடமும் முன்னால் வந்து ட்ரெயில் சுருங்கும்.

இதை மிக நேர்த்தியாகச் செய்தவர் எர்னெஸ்ட் ஏர்ல்ஸ் என்ற ஆங்கிலேயர். 1950களின் தொடக்கத்தில் அவர் அமைத்த ஃபோர்க்கில் சில்லு ஒரு நீண்ட ஆடும் கையில் முன்னோக்கித் தாங்கப்பட்டிருக்கும். பிஎம்டபிள்யூ கம்பனி 1955 முதல் 1969 வரை தன் பெரிய மோட்டார் சைக்கிள்களுக்கு அதையே போட்டது. நமக்குப் பிடித்தது அதிலிருந்த ஒரு சின்ன ஏற்பாடு. ஆடும் கை பூட்டும் போல்ட்டுக்கு இரண்டு துளைகள். தனியாக ஓட்டினால் ஒரு துளை, சைட்கார் பூட்டினால் முன்னால் இருக்கும் மற்றத் துளை. ஸ்பானரோடு கொஞ்ச நேரம் குனிந்தால் ட்ரெயில் மாறிவிடும். அதாவது அந்த இடத்தில் கைவைப்பார்கள் என்று கம்பனிக்காரன் எதிர்பார்த்தான், எவ்வளவு வைக்கலாம் என்ற எல்லையையும் அவனே துளை போட்டுக் காட்டிவிட்டான். குறைந்த ட்ரெயிலில் ஹேண்டில் நடுங்காமலிருக்க, மேலே திருகி இறுக்கும் டம்பர் ஒன்றும் வைத்தான்.

வெட்டுவதும் வெல்டிங் அடிப்பதும் தப்பு என்று நாம் சொல்ல வரவில்லை. சைட்கார்காரர்கள் நூறு வருடமாக வெட்டித்தான் வந்திருக்கிறார்கள். வெட்டுமுன் அளந்தார்கள். அதுதான் வித்தியாசம்.

இப்போது நம்ம வண்டிக்கு வருவோம். போரில் நொறுங்கிய இத்தாலியில் பியாஜியோ விமானத் தொழிற்சாலை செய்வதற்கு வேலையில்லாமல் நின்றது. அங்கிருந்த விமானப் பொறியியலாளர் கொராடினோ டாஸ்கானியோ 1946இல் வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்தார். மோட்டார் சைக்கிள் பிடிக்காத மனிதர் அவர், பிடித்தது ஹெலிகொப்டர். அதனால்தானோ என்னவோ, முன் சில்லை இரண்டு பக்கமும் பிடிக்கும் ஃபோர்க்கை விட்டுவிட்டு, விமானத்தின் சில்லுக்கால் மாதிரி ஒரே பக்கத்தில் பிடித்தார். டயர் மாற்ற இலேசு. 1948இல் அதே வெஸ்பாவின் பின்பக்கத்தை அகட்டி, இரண்டு சில்லும் ஒரு பெட்டியும் வைத்தார்கள். அதுதான் ஆபே. வெஸ்பா என்றால் இத்தாலிய மொழியில் குளவி, ஆபே என்றால் தேனீ. சுமை தூக்கும் வண்டிக்குத் தேனீ என்று பெயர் வைத்தவனைப் பாராட்டத்தான் வேண்டும்.

அதைச் சற்று மாற்றி ஆள் ஏற்றும் வண்டியாக்கும் யோசனை 1940களின் இறுதியில் புனேயில் பிறந்தது, என்.கே. பிரோதியா என்ற தொழிலதிபரின் முயற்சி அது. மனிதன் மனிதனை இழுக்கும் ரிக்‌ஷாவுக்கு மாற்றாக அது வந்தது என்பதை மறக்கக் கூடாது. 1959இல் பஜாஜுக்கு இரண்டு சில்லு, மூன்று சில்லு வண்டி செய்ய இந்திய அரசின் அனுமதி கிடைத்தது, தொழில்நுட்பம் பியாஜியோவினுடையது. தொடக்கத்தில் எஞ்சின் முன்பக்கம் சாரதியின் ஆசனத்தோடு இருந்தது. 1977இல் பஜாஜ் எஞ்சினைப் பின்னால் கொண்டுபோன வண்டியை வெளியிட்டது. இன்றைக்கும் பின்பக்கத்தில் ‘ஆர்இ’ என்று ஒட்டியிருப்பதன் பொருள் அதுதான், ரியர் எஞ்சின்.

இலங்கையில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் அதே 1977இல். அதற்குப் பின்னால் தொடங்கிய இறக்குமதி, டேவிட் பீரிஸ் கம்பனியின் பெயரோடு நாடு முழுக்கப் பரவியது. பஜாஜ் என்றாலே த்ரீவீல் என்றாகிவிட்டது. 2019 முடிவில் நாட்டில் பதிவான முச்சக்கர வண்டிகள் 11 லட்சத்துக்கும் மேல்.

பசறைக்கு அது ஏன் இவ்வளவு பொருந்தியது? ரயில் 1924இல் பதுளைக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. நமக்கு வீதிதான். பேராதனையிலிருந்து நுவரெலியா, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடிக்குப் போகும் ஏ5, மொனராகலைக்குப் பிரியும் ஏ22. பஸ் இந்தப் பெரிய வீதிகளோடு சரி. கோணக்கலை, எல்டெப், மடூல்சீமைப் பக்கத்து மலைகளில் லயங்கள் இருப்பது வீதியோரத்தில் அல்ல. கொழுந்து லொறியும் துரைமாரின் வாகனமும் போவதற்காகத் தோட்டக் கம்பனிகள் வெட்டிய பாதைகளே அங்கே போகின்றன. மோட்டார் சைக்கிள் சின்னத்துரைக்கு, கார் பெரிய துரைக்கு. கொழுந்து எடுத்த பெண் பிரசவ வலி வந்தால் கம்பளியில் கட்டித் தூக்கித்தான் வந்தார்கள். அந்த இடைவெளியில்தான் த்ரீவீல் வந்து நின்றது. நம்ம மக்கள் தம் சொந்த விருப்பத்தில் கைகாட்டி நிறுத்தி, கீழே கடைத்தெருவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போன முதல் வாகனம் அது. அதை இழிவாகப் பேசுவோர் இதைக் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

ஆனால் அந்த வண்டியை வடிவமைத்தவர்கள் புனேயின் சமவெளியில்தான் ஓட்டிப் பார்த்தார்கள், நம்ம மலை அவர்கள் கணக்கில் எவ்வளவு இருந்திருக்கும்?

ஏற்றத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எஞ்சின் பின்னால், ஆட்கள் பின்னால், அரிசி மூட்டை அதற்கும் பின்னால். பாதை மேல்நோக்கிச் சாய, பாரம் முழுவதும் பின் அச்சுக்குப் போகிறது. பின் ஸ்பிரிங் அமுங்க, முன்பக்கம் உயர்ந்து தண்டின் சாய்வு கூடுகிறது. அதனால் ட்ரெயிலும் கூடுகிறது. திருப்பப் பலம் தேவை, ஆனால் முன் சில்லு நிலத்தைப் பிடிக்கும் பாரமோ குறைந்துவிட்டது. ஹேண்டிலை ஒடித்தாலும் வண்டி கொஞ்சம் நேராகப் போய்த்தான் திரும்பும். மழை நாளில் கிறவல் பாதையில் இதை அனுபவிக்காத சாரதி நம்ம பகுதியில் இருக்க மாட்டார்.

இறக்கம் இதற்கு நேர்மாறு, அதைவிட மோசம். பாரம் முன்னே வருகிறது. பிரேக்கில் முன்பக்கம் குனிந்தால் சாய்வு குறைந்து ட்ரெயில் சுருங்கும், ஹேண்டில் பதறும். இப்போதைய ஆர்இ வண்டிகளின் விவரத் தாளில் முன் சஸ்பென்ஷனுக்கு ‘அன்டி டைவ்’ என்று எழுதியிருப்பது இதற்காகத்தான். பிரேக் அடிக்கும்போது முன்பக்கம் சட்டென்று குனியாதபடி அந்தச் சின்னக் கை அமைக்கப்பட்டிருக்கிறது.

இன்னொன்று, இது உயிர்ப் பிரச்சினை. நிலத்தில் மூன்று சில்லுகளையும் கோடு போட்டு இணையுங்கள், ஒரு முக்கோணம் வரும். அதன் கூர் முன்னால். வண்டி கவிழ்வது பக்கவாட்டில் நேராக அல்ல, முன் சில்லையும் வெளிப்பக்கப் பின் சில்லையும் இணைக்கும் அந்தச் சாய்ந்த கோட்டுக்கு மேலால். பாரம் பின்னால் இருக்கும்வரை முக்கோணம் அகலம், பயமில்லை. முடக்கில் திரும்பிக்கொண்டே பிரேக் அடித்தால் பாரம் முன்னே வரும், அங்கே முக்கோணம் ஒடுக்கம். அப்போதுதான் உள்பக்கச் சில்லு மேலே எழும்புகிறது. இங்கிலாந்தில் 1973இல் வந்த ரிலையன்ட் ரொபின் என்ற மூன்று சில்லுக் கார் இதே காரணத்தால் கேலிப் பொருளானது. அதற்கு அறுபது வருடத்துக்கு முந்தியே மோர்கன் கம்பனி இரண்டு சில்லை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் வைத்து இந்தத் தொல்லையைப் பெரிதும் தவிர்த்திருந்தது. நமக்கு வாய்த்தது முன்னால் ஒன்று. ஆக நம்ம சாரதிமார் முடக்குக்கு முன்னால் பிரேக், முடக்கில் அல்ல என்று பழகியிருக்கிறார்கள். பழகாத பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதே கவலை.

சரி, மாற்றங்கள். நாம் பார்க்கும் மிகப் பொதுவானது பெரிய ரிம். கம்பனி டயர் 4.00-8. பத்து அங்குல ரிம் போட்டால் சில்லின் ஆரை ஏறத்தாழ ஓர் அங்குலம், 25 மில்லிமீற்றர் கூடும் என்று வையுங்கள். தண்டின் சாய்வு 25 பாகை என்று ஓர் உதாரணத்துக்கு எடுப்போம். பத்தாம் ஆண்டுப் பிள்ளையிடம் கொடுங்கள், 25ஐ டேன் 25 பாகையால் பெருக்கினால் 11.7 வரும். அதாவது வேறெதையும் தொடாமல் ரிம்மை மட்டும் மாற்றியதால் ட்ரெயில் கிட்டத்தட்ட 12 மில்லிமீற்றர் கூடிவிட்டது. முன்பக்கத்தை மட்டும் மாற்றினால் மூக்கு உயர்ந்து சாய்வு கூடுவது வேறு. ‘ரிம் போட்டதிலிருந்து ஹேண்டில் பாரம்’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. உயரம் கூடியதால் வண்டியின் பாரமையமும் மேலே போகிறது, அந்த முக்கோணக் கணக்கும் மோசமாகிறது.

மூன்று சில்லையும் பெரிதாக்கி, பின்பக்கத்தைத் தாழ்த்தி ஸ்டைலாக விடுவோர் உண்டு. பின்பக்கம் தாழ்ந்தால் தண்டு இன்னும் பின்னே சாயும், ட்ரெயில் இன்னும் கூடும். கடற்கரைப் பக்கத்து நேர் வீதியில் அது பரவாயில்லாமல் ஓடலாம், நம்ம முடக்குகளில் பாவம் அந்தச் சாரதியின் தோள். ஃபோர்க்கை நிமிர்த்தி இலேசாக்குவோரும் உண்டு. சந்தியில் ஒரு விரலால் திரும்பும், லுணுகலை இறக்கத்தில் நடுங்கும். வெல்டிங்கின் கதை இன்னும் தனி. ஒரே பக்கத்தில் பிடித்திருக்கும் சில்லு அது. வெஸ்பாவிலிருந்து வந்த அந்த அழகில் ஒரு விலையும் இருக்கிறது, பாரம் முழுவதும் ஒரே தண்டில். அந்தத் தண்டைச் சூடாக்கி வளைத்தால் இரும்பின் குணம் மாறும். வெளியே பூச்சு நன்றாகத்தான் இருக்கும்.

இதில் மாற்றுத்திறனாளிகளின் வண்டிகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்கூட்டருக்கு இரண்டு பக்கமும் துணைச் சில்லு பூட்டுகிறார்கள். கால் இயலாத ஒருவருக்கு அது சுதந்திரம், மறுபேச்சில்லை. ஆனால் பூட்டிய நிமிடத்திலிருந்து அந்த ஸ்கூட்டர் சாயாது. சைட்கார்காரன் சந்தித்த அதே பிரச்சினை. முன்பக்கம் இரண்டு சில்லு வண்டியாகவே கிடக்கும். கைகளின் பலத்தை மட்டும் நம்பி வாழ்பவரிடம் இன்னும் பலம் கேட்கும் வண்டி. யாருக்காவது அப்படி வண்டி செய்து கொடுக்கும் நல்ல உள்ளங்கள் பின்பக்கத்தோடு நிற்காமல் முன் ஃபோர்க்கையும் தெரிந்த ஒரு பாஸிடம் காட்டுங்கள்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது, 2025 வரை கதவு திறக்கவில்லை. அந்த ஐந்து வருடமும் நாடு பழைய வண்டிகளில் ஓடியது. 2022இல் கியூஆர் முறை தொடங்கியபோது வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோல். அந்த ஐந்து லீற்றரில் ஹயர் ஓடி லீசிங் கட்டியவர்களிடம் புது ஃபோர்க் வாங்கச் சொல்ல யாருக்கு மனம் வரும்? வளைந்ததை நிமிர்த்தினார்கள், தேய்ந்ததில் வெல்டிங் நிரப்பினார்கள். இன்று நம்ம வீதியில் ஓடும் வண்டிகளில் எத்தனையோ அந்தக் காலத்தின் தழும்போடு ஓடுகின்றன. அதைச் செய்த பாஸ்மார் இல்லையென்றால் தோட்டத்துக்கு வண்டியே இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2025 ஜனவரியில் பொலிஸார் வண்டிகளின் மேலதிக அலங்காரங்களைக் கழற்றத் தொடங்கியபோது பஸ்காரரும் த்ரீவீல்காரரும் எதிர்த்தார்கள், நாடே பேசியது. கண்ணைக் கூசும் லைட்டைக் கழற்றியது சரிதான். ஆனால் ஸ்டிக்கருக்கும் குஞ்சத்துக்கும் நடந்த வாக்குவாதத்தில் பத்தில் ஒன்றாவது முன் ஃபோர்க்குக்கு நடந்திருந்தால் நமக்கு நிம்மதியாக இருந்திருக்கும். புகைச் சோதனைக்கு வருடா வருடம் போகிறோம். முன் சில்லைத் தூக்கிப் பிடித்து ஆட்டிப் பார்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும். குஞ்சம் யாரையும் பள்ளத்தில் தள்ளியதில்லை.

பாடசாலை ஹயர் ஓடும் சகோதரர்களிடமும், பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். மூன்று பேருக்கான ஆசனத்தில் ஏழு பிள்ளைகள் என்பதைப் பற்றி வேறொரு நாள் பேசுவோம். இந்தக் கிழமை முன் சில்லை மட்டும் பார்ப்போம்.

வண்டியைச் சமதரையில், ஆள் யாரும் இல்லாமல் நிறுத்துங்கள். ஜெக் வைத்து முன் சில்லை நிலத்திலிருந்து தூக்குங்கள். பின் சில்லுகளுக்குக் கல் வைக்க மறக்க வேண்டாம். சில்லை முன்னும் பின்னும் பிடித்து ஆட்டுங்கள், ‘டக் டக்’ என்றால் போல்ரேஸோ புஷ்ஷோ போய்விட்டது. ஹேண்டிலை ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்கு மெதுவாகத் திருப்புங்கள், நடுவில் ஓரிடத்தில் சிக்கி நின்றால் ரேஸில் பள்ளம் விழுந்திருக்கிறது. வெல்டிங் ஓரத்தைத் துணியால் துடைத்து, வெளிச்சம் அடித்து மயிரளவு வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சில்லை இறக்கிவிட்டு, ஒரு நீளமான நேர்க் கம்பியைத் திரும்பும் தண்டின் சாய்வுக்குச் சமமாக, அதே கோட்டில் பக்கவாட்டில் பிடித்து நிலத்தில் விழும் இடத்தில் சோக்கால் ஒரு புள்ளி. சில்லின் அச்சின் நடுவிலிருந்து மேசன்மாரின் தூக்குக்குண்டை இறக்கி இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் இடையில் அடிமட்டம். அதுதான் உங்கள் வண்டியின் ட்ரெயில்.

மாற்றாத வண்டி ஒன்றையும் மாற்றிய வண்டி ஒன்றையும் பக்கத்தில் நிறுத்தி அளந்தால் இன்னும் நல்லது. அளந்தவர்கள் வண்டியின் வருடம், டயர் அளவு, எத்தனை மில்லிமீற்றர் என்று கீழே எழுதுங்கள். பாஸ்மார் யாராவது வாசித்தால், ஃபோர்க் நிமிர்த்தும்போது நீங்கள் எதை அளவாக வைத்துக்கொள்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள் நானா. பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் அதைத்தான் போட்டுக் காட்டப்போகிறோம்.